இரும்பு நகரத்தில் ஒரு சவேரியார் கல்விக்கூடம்

‘எம்.பி.ஏ.’ என்னும் சொல் நம் பங்குக் குடும்பங்களின் பேச்சில் இன்று அடிக்கடி அடிபடுகின்றது. ஒரு தலைமுறைக்கு முன்னர் பிள்ளையை மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆக்கிவிட்டால் போதும் என்றிருந்த பெற்றோர், இன்று பொறியியல் முடித்து ஈராண்டு வேலையும் பார்த்துவிட்ட மகன், “இனி மேலாண்மை படிக்கப் போகிறேன்” என்று சொல்லும்போது திகைத்து நிற்கின்றனர். மகளும் அதையே சொல்கிறாள். அது என்ன படிப்பு? அங்கே என்ன கற்றுத் தருகின்றனர்? கடன்பட்டேனும் படிக்க வைக்கத்தான் வேண்டுமா? இவை ஒரு புறம் இருக்க, மற்றொரு கேள்வியும் சில தாய்மாரின் உள்ளத்தில் உறுத்துகின்றது: பணம் பெருக்கும் கலையைப் பயில்வதற்கென்றே இரண்டாண்டுகளைச் செலவிடும் பிள்ளை, ஏழையின் பங்காளரான இயேசுவின் சீடனாகத் திரும்பி வருவானா?

இக்கேள்விகளுக்குப் பொதுப்படையாக விடை கூறுவதைவிட, ஒரு கல்விக்கூடத்தை எடுத்துக்கொண்டு, அது பிறந்த காரணத்தையும் அங்கே நடைபெறும் வாழ்க்கையையும் நோக்குவது பயன் தரும். நாம் நோக்கப் புகுவது ஜாம்ஷெட்பூரில் சேசு சபையினர் நடத்திவரும் சேவியர் மேலாண்மைப் பள்ளி. ‘எக்ஸ்.எல்.ஆர்.ஐ.’ என்றால் நாடெங்கும் தெரியும்.

ஆலையோடு பிறந்த ஊர்

ஜாம்ஷெட்பூர் இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது. 2000-ஆம் ஆண்டில் அம்மாநிலம் உருவாகும்வரை பீகாரைச் சேர்ந்திருந்தது. சுவர்ணரேகா, கர்க்காய் என்னும் ஆறுகள் கூடுமிடத்தில் சாக்சி என்றொரு சிற்றூர் இருந்தது. 1907-இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி தொடங்கப்பட்டபின் அவ்விடத்தில் ஆலை எழுந்தது. 1912-இல் எஃகு உற்பத்தி தொடங்கிற்று. 1919-இல் அவ்வூருக்கு ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் பெயர் சூட்டப்பட்டது.

அக்காலத்து ஆலைகளில் தொழிலாளி விடியுமுன் உள்ளே சென்று இருட்டிய பின் வெளியே வருவது வழக்கம். ஜாம்ஷெட்பூர் ஆலையிலோ 1912-ஆம் ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. 1920-இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் சேமநல நிதியும் வந்தன. இவையெல்லாம் சட்டத்தின் கட்டாயத்தால் வந்தவை அல்ல. சட்டம் பல ஆண்டுகள் கழித்தே பின்தொடர்ந்தது.

ஆயினும், நன்மனம் படைத்த முதலாளி இருந்தால் பூசலே எழாது என்று எண்ணிவிடக் கூடாது. 1920-இல் அங்கே பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதன் விளைவாகத் தொழிலாளர் சங்கமும் தோன்றியது. காந்தியடிகளின் நண்பரும் ‘தீனபந்து’ என்று போற்றப்பட்டவருமான சி. எஃப். ஆண்ட்ரூஸ் அச்சங்கத்தின் தலைவராய் இருந்தார். அவருக்குப்பின் சுபாஷ் சந்திர போசும் அப்பொறுப்பை ஏற்றார். கொடுப்பவரின் இரக்கம் வேறு, பெறுபவரின் உரிமை வேறு என்னும் உண்மையை அவ்வூர் தன் இளமையிலேயே கற்றுக்கொண்டது. அந்த மண்ணில்தான் நாம் கூறவரும் கல்விக்கூடம் வேர்விட்டது.

1949-இல் ஒரு குருவின் எண்ணம்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் அமெரிக்க சேசு சபைக் குருக்கள் ஜாம்ஷெட்பூருக்கு வந்தனர். 1947-இல் லொயோலா பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளிக்கூடம் திறப்பது துறவியருக்குப் புதிதன்று. ஆனால் 1949-இல் அருட்தந்தை குயின் என்ரைட் என்னும் சேசு சபைக் குரு தொடங்கியது முற்றிலும் புதியது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே உள்ள உறவையே பாடமாகக் கொண்ட ஒரு கல்விக்கூடம் அது. அதனாலேயே அதற்கு ‘சேவியர் தொழிலுறவு நிறுவனம்’ என்று பெயர் அமைந்தது. இன்று பலரும் பொருள் தெரியாமல் உச்சரிக்கும் அந்த ஆங்கில எழுத்துகளுள் ஒன்று ‘தொழிலாளர்’ என்னும் சொல்லுக்கு உரியது. மற்றொன்று ‘உறவு’ என்னும் சொல்லுக்கு உரியது. ‘வணிகம்’ என்றோ ‘இலாபம்’ என்றோ அப்பெயரில் ஒரு சொல்லும் இல்லை.

ஏன் அந்த ஆண்டில்? 1947-இல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. 1948-இல் தொழிற்சாலைகள் சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தன. 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோர் ஆலையும் தொழிலாளர் நல அலுவலரை அமர்த்த வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அலுவலரை நியமிக்கச் சட்டம் போதும். ஆனால் அவருக்கு யார் பயிற்சி அளிப்பது? சங்கத் தலைவர் ஒருவர் பேச்சுவார்த்தை மேசையில் அமரும்போது, வரவு செலவுக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள அவருக்கு யார் உதவுவது? இந்த இடைவெளியைத்தான் அந்தக் குரு கண்டார். நிர்வாகத்தார், சங்கத்தார் ஆகிய இரு திறத்தாரையும் மனத்தில் கொண்டே அவ்வில்லம் எழுந்தது.

இதன் அருமையை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். பகைமையோடு ஒருவரையொருவர் பார்த்துப் பழகிய இருவர் ஒரே கரும்பலகையின் முன் அமர்வது எளிய காரியமா? ஒருவரின் கணக்கு மற்றவருக்குப் புரியத் தொடங்கினால், ஓங்கிய கை சற்றே தாழும் அல்லவா?

நாளடைவில் முழுநேர ஈராண்டுப் படிப்புகள் உருப்பெற்றன. முதலில் பணியாளர் நிர்வாகமும் தொழிலுறவும். அதன்பின் வணிக மேலாண்மை. முன்னது இன்று ‘மனிதவள மேலாண்மை’ என்று பெயர் மாறி, இந்நாட்டில் அத்துறைக்கே முன்னோடியாக மதிக்கப்படுகின்றது. 2020-இல் டெல்லிக்கு அண்மையில், ஹரியானா மாநிலத்து ஜஜ்ஜர் மாவட்டத்தில், இரண்டாவது வளாகமும் திறக்கப்பட்டது.

சவேரியார் பெயர் ஏன்?

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்குச் சவேரியார் அயலார் அல்லர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கடலோர ஊர்களில் நடந்து, மணப்பாட்டிலும் கோட்டாற்றிலும் தம் நினைவை விட்டுச் சென்றவர் அவர். மறைபரப்புநராகவே அவரை நாம் போற்றுகின்றோம். ஆனால் அவருடைய வாழ்வில் நாம் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு.

அக்காலத்தில் முத்தும் மிளகும் தேடி வந்த போர்த்துக்கீசிய அதிகாரிகளுட் சிலர், பாதுகாப்புத் தருவதாகச் சொல்லிக்கொண்டே மீனவ மக்களைச் சுரண்டினர். சவேரியார் அதைக் கண்டும் காணாதவர்போல் இருக்கவில்லை. அந்த அதிகாரிகளின் பேராசையைக் கண்டித்துப் போர்த்துக்கல் அரசருக்கே மடல் எழுதினார். 1544-இல் குமரிமுனைக் கடலோரத்து மக்கள் படையெடுப்புக்கு அஞ்சிக் கடலிடைப் பாறைகளில் தஞ்சம் புகுந்து பசியாலும் தாகத்தாலும் வாடியபோது, படகுகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு அவர்களைத் தேடிச் சென்றார். எத்தனை படகு, எவ்வளவு அரிசி, யாரிடம் கேட்பது, யார் துடுப்பிடுவது என்றெல்லாம் திட்டமிடாமல் அது நடந்திருக்குமா? அன்புக்கும் திட்டம் வேண்டும். இரக்கத்துக்கும் கணக்கு வேண்டும். வணிகத்தின் அநீதியைக் கண்டித்த புனிதரின் பெயரை ஒரு மேலாண்மைப் பள்ளி தாங்கி நிற்பது வெறும் அலங்காரமாக இருக்கக் கூடாது. அது அப்பள்ளிக்கு நாள்தோறும் விடுக்கப்படும் கேள்வியாகும்.

நுழைவாயிலிலேயே ஒரு மனச்சாட்சிச் சோதனை

இப்பள்ளியில் சேர விரும்புவோர் ‘ஸாட்’ என்று அழைக்கப்படும் சேவியர் திறனறித் தேர்வை எழுதவேண்டும். வழக்கமாக ஜனவரி மாதத்தின் முதல் ஞாயிறன்று நாடெங்கும் அது நடைபெறுகின்றது. கணக்கு, மொழித் திறன், பொது அறிவு ஆகியவை எல்லாத் தேர்வுகளிலும் உண்டு. இத்தேர்வுக்கே உரிய தனிச் சிறப்பு, ‘முடிவெடுத்தல்’ என்னும் பகுதியாகும்.

அப்பகுதியின் போக்கு எத்தகையது என்பதற்கு நாமே ஓர் எடுத்துக்காட்டைப் புனைந்து பார்ப்போம். ஒரு சிறு தொழிலகத்தின் மேலாளர், பத்தாண்டு உழைத்த ஒரு பணியாளர் பொருள் திருடியதைக் கண்டுபிடிக்கிறார். அவருடைய மனைவி மருத்துவமனையில் இருப்பதும் தெரியவருகின்றது. உடனே வேலையை விட்டு நீக்குவதா? மன்னித்து மறைத்துவிடுவதா? முறையாக விசாரித்துத் தண்டனையும் தந்து, மருத்துவச் செலவுக்குத் தனியே வழி செய்வதா? மற்றத் தொழிலாளர் எதைக் கற்றுக்கொள்வர்? நாளை இன்னொருவர் இதே நிலையில் வந்து நின்றால் என்ன செய்வது? இவ்வாறு எல்லாப் பக்கத்தையும் எடைபோட்டு, கொடுக்கப்பட்ட விடைகளுள் தக்கதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இரக்கமின்றி நீதியை நிலைநாட்டவும் இயலாது. நீதியின்றி இரக்கம் காட்டவும் இயலாது என்பதை, தேர்வு எழுதும் இளைஞன் அந்தச் சில நிமிடங்களிலேனும் உணர்கிறான்.

மதிப்பெண் மட்டும் போதாது. எழுத்துத் தேர்வில் தேறியவரை நேரில் அழைத்துப் பேசிப் பார்த்த பின்னரே சேர்த்துக்கொள்கின்றனர். சாதி, சமய வேறுபாடின்றி எல்லாரும் பயில்கின்றனர். கத்தோலிக்க மாணவர் அவர்களுள் சிறு தொகையினரே.

ஈராண்டு வாழ்க்கை

உள்ளே சென்றவுடன் மாணவன் கண்டுகொள்ளும் முதற் செய்தி, ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரமே உண்டு என்பதாகும். கணக்கியல், பொருளியல், விற்பனை, நிதி, உற்பத்தி, புள்ளியியல், நிறுவனத்தில் மனிதர் நடந்துகொள்ளும் முறை எனப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. வகுப்பு முடிந்தால் குழு வேலை. குழு வேலை முடிந்தால் மறுநாளைக்கான வாசிப்பு. நள்ளிரவு கடந்தும் விடுதி விளக்குகள் அணைவதில்லை.

பாடம் நடத்தும் முறையும் நாம் கல்லூரியில் கண்டது போன்றதன்று. ‘நிகழ்வாய்வு முறை’ என்று ஒன்று உண்டு. 1908-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி, சட்டக் கல்வியைப் பின்பற்றி இதை வளர்த்தெடுத்தது. 1961-இல் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட இந்திய மேலாண்மைக் கழகம் ஹார்வர்டின் துணையோடு இம்முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தது. ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலைப் பல பக்கங்களில் எழுதி மாணவர் கையில் தந்துவிடுவர். இரவெல்லாம் படித்து வரவேண்டும். வகுப்பில் ஆசிரியர் விரிவுரை ஆற்றமாட்டார், “நீர் அந்த மேலாளராய் இருந்தால் என்ன செய்வீர்?” என்று கேட்பார். ஒருவர் விடையை மற்றவர் மறுப்பார். பல வேளைகளில் இறுதிவரை ‘சரியான விடை’ என்று ஒன்று கிடைப்பதில்லை. குறைந்த செய்தியோடும் குறுகிய நேரத்தோடும் பொறுப்பான முடிவெடுக்கப் பழக்குவதே நோக்கம்.

முதலாண்டு முடிவில் கோடை விடுமுறையில் மாணவர் ஒரு நிறுவனத்தில் இரு மாதப் பயிற்சி பெறுகின்றனர். இரண்டாம் ஆண்டில் வேலை தரும் நிறுவனங்கள் வளாகத்துக்கே வருகின்றன. அந்நாள்களின் பதற்றத்தை விவரிக்க இயலாது. நேற்றுவரை ஒரே தட்டில் உண்டவர்கள் இன்று ஒரே பதவிக்குப் போட்டியிடுகின்றனர். ஒருவன் பெயர் அறிவிக்கப்படுகின்றது. அடுத்தவன் சிரித்த முகத்தோடு கைகுலுக்கிவிட்டு அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறான். வெற்றியை எப்படித் தாங்குவது, தோல்வியை எப்படிச் சுமப்பது என்பது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். ஆயினும் அதுவே பலருக்கு வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்பது.

இவற்றிடையே இளமைக்குரிய கலகலப்பும் உண்டு. ‘மாக்ஸி’ என்னும் சந்தை விழாவை மாணவர்கள் நடத்துகின்றனர். ஊர் மக்கள் குடும்பத்தோடு வந்து விளையாடிக் களிக்கின்றனர். அந்த விளையாட்டுகளுக்குள்ளேயே எந்தப் பொருளை மக்கள் ஏன் விரும்புகின்றனர் என்று கண்டறியும் ஆய்வு ஒளிந்திருக்கும். கேள்வித்தாளை நீட்டினால் மனிதர் தாம் விரும்புவதை மறைத்து, சொல்லத்தக்கதையே சொல்வர். விளையாட்டில் ஈடுபடும்போதோ உள்ளம் தானே வெளிப்படும் என்பது அதன் அடிப்படை.

முதலாண்டு மாணவர்களைச் சில நாள்கள் சிற்றூர்களுக்கு அனுப்பித் தங்கச் செய்யும் வழக்கமும் இங்குண்டு. பழங்குடி மக்கள் மிகுந்த அப்பகுதியில் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் மக்கள் படும் பாட்டை அவர்கள் நேரில் காண்கின்றனர். ‘சந்தை’, ‘நுகர்வோர்’ என்று புத்தகத்தில் படித்த சொற்களுக்கு அங்கே முகம் கிடைக்கின்றது. சில நாள் தங்கலால் உள்ளம் மாறிவிடுமா என்று கேட்போர் உண்டு. எல்லாருக்கும் மாறாது. ஆயினும் ஒருமுறை கண்ட முகத்தைக் காணாததாக்க முடியாது.

வணிக அறம் இப்பள்ளியில் ஓரமாய் ஒதுக்கப்பட்ட பாடமன்று. டாட்டா குழுமத்தின் உதவியோடு 1991-இல் ஜே.ஆர்.டி. டாட்டாவின் பெயரால் வணிக அறத்துக்கென ஓர் அறக்கட்டளையும் நிறுவப்பட்டது. அதன் சார்பில் சிறப்புரைகள் நடைபெறுகின்றன.

உடன்பிறந்த பள்ளிகள்

ஜாம்ஷெட்பூர் தனித்து நிற்கவில்லை. ராஞ்சியில் சேவியர் சமூகப் பணி நிறுவனம் 1955-இல் தோன்றியது. நம் சென்னையில் லொயோலா கல்லூரி வளாகத்திலேயே 1979-இல் லொயோலா வணிக மேலாண்மை நிறுவனம் தொடங்கப்பட்டது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் மேலாண்மை நிறுவனத்தையும் நம்மவர் நன்கறிவர்.

ஒடிசா அரசும் சேசு சபையினரும் கைகோத்து 1987-இல் புவனேசுவரத்தில் சேவியர் மேலாண்மை நிறுவனத்தை அமைத்தனர். ஊரக மேலாண்மைக்கெனத் தனிப் படிப்பு அங்கே வளர்ந்தது. அந்நிறுவனம் 2013-இல் பல்கலைக்கழகமாகவே உயர்ந்தது. ஜாம்ஷெட்பூரிலும் புவனேசுவரத்திலும் இயக்குநராய்ப் பணியாற்றிய அருட்தந்தை ரொமுவால்ட் டிசூசா, பின்னர் 1993-இல் கோவா மேலாண்மை நிறுவனத்தையும் தொடங்கினார். விசுவாசத்தைப் பரப்ப வந்த சபையினர் வணிகக் கல்வியில் இத்துணை உழைப்பைச் செலுத்தியது ஏன்? முடிவுகள் எடுக்கப்படும் அறைகளுக்குள் நற்செய்தி நுழையாவிட்டால், அம்முடிவுகளால் அடிபட்டு வீழ்ந்தோருக்குக் கட்டுப் போடுவது மட்டுமே நம் பணியாய் நின்றுவிடும் என்பதாலன்றோ?

நேர்மையாய்க் கேட்கவேண்டிய கேள்வி

புகழ்ந்துரைப்பதோடு நின்றுவிட்டால் இக்கட்டுரை வாசகருக்குத் துரோகம் செய்ததாகும். தொழிலாளரை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்ட இப்பள்ளியில், இன்று ஈராண்டுப் படிப்புக்கான கட்டணம் ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய். ஆலைத் தொழிலாளியின் மகன் அத்தொகையை எங்கே தேடுவான்? உதவித்தொகைகள் உண்டு, வங்கிக் கடனும் உண்டு. ஆனால் பெருங்கடன் ஒன்றைத் தோளில் சுமந்து வெளியே வரும் இளைஞன், ஊரக வளர்ச்சிப் பணிக்கோ சிறு தொழிலுக்கோ செல்லத் துணிவானா? மிகுந்த ஊதியம் தரும் நிதி நிறுவனத்தையே நாடுவான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. கடன் அவனுக்காக முடிவெடுத்துவிடுகின்றது.

கல்வி நிறுவனத்தின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். நல்ல பேராசிரியரைத் தக்கவைக்கவும், நூலகத்தையும் விடுதியையும் நடத்தவும் பணம் வேண்டும். தரம் தாழ்ந்தால் அப்பள்ளியின் குரலுக்கு யார் செவிசாய்ப்பர்? தரத்தைக் காத்தால் கட்டணம் உயர்கின்றது. கட்டணம் உயர்ந்தால் ஏழை வெளியே நிற்கிறான். இந்த முரண் ஜாம்ஷெட்பூருக்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்கர் நடத்தும் ஒவ்வொரு பள்ளியும் மருத்துவமனையும் இதே நெருப்பாற்றை நாள்தோறும் கடக்கவேண்டியிருக்கிறது. இதற்கு எளிய தீர்வு இல்லை; ஆனால் இம்முரண் நம்மை உறுத்தாமல் போகும் நாள்தான் நாம் அஞ்சவேண்டிய நாள்.

திருச்சபையின் குரல்

திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, தொழிலாளிக்கு நியாயமான கூலியும் சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டு என்று உலகறியச் சொன்னார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ என்னும் மடலில், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று கற்பித்தார். 1991-இல் அவரே மற்றொரு மடலில், இலாபம் ஒரு தொழில் நன்கு நடப்பதற்கு அடையாளம் என்று ஏற்றுக்கொண்டு, ஆனால் கணக்குப் புத்தகம் சீராய் இருக்கும்போதே அங்கு உழைப்போரின் மாண்பு மிதிபட்டிருக்கவும் கூடும் என்று எச்சரித்தார். 2012-இல் நீதி மற்றும் அமைதிக்கான திருப்பீட அவை, தொழில் நடத்துவோரின் பணியை இறை அழைத்தலாகவே கருதி ஒரு சிந்தனை ஏட்டை வெளியிட்டது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, பதின்மூன்றாம் லியோவின் அந்த மடலை நினைவுகூர்ந்தே ‘பதினான்காம் லியோ’ என்னும் பெயரைத் தெரிந்துகொண்டதாகக் கூறினார். செயற்கை அறிவு கொணரும் புதிய தொழிற்புரட்சியில் மனித மாண்பையும் உழைப்பையும் காக்கவேண்டிய கடமையை அவர் சுட்டினார்.

நம் நாட்டிலும் காலம் மாறிவிட்டது. 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. 1949-இல் அருட்தந்தை என்ரைட்டின் முன் நின்ற கேள்வி இன்று வேறு உருவில் நிற்கின்றது. அன்று தொழிலாளி ஆலை வாயிலில் கூடி நின்றான். இன்று உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து தனியாய் வண்டியில் விரைகிறான். அவனுக்கு ஆணையிடுவது மேற்பார்வையாளர் அல்லர். கைப்பேசியில் தோன்றும் ஒரு கணக்கீடு. அந்தக் கணக்கீட்டை எழுதச் சொல்பவர் மேலாண்மைப் பள்ளியில் பயின்றவராகவே இருப்பார். அவருடைய மனச்சாட்சி விழித்திருக்கிறதா இல்லையா என்பதில் எத்தனையோ குடும்பங்களின் இரவுணவு அடங்கியிருக்கிறது.

தாலந்து உவமையில், கொடுக்கப்பட்டதைப் பெருக்கியவனை ஆண்டவர் பாராட்டினார். மண்ணில் புதைத்தவனைக் கண்டித்தார். ஆகவே பெருக்குவது பாவமன்று. ஆனால் அதே ஆண்டவர், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாக்கிக் கட்ட நினைத்த செல்வனை அறிவிலி என்றார். யாருக்காகப் பெருக்குகின்றோம் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

பெற்றோர் கவனத்துக்கு

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நற்செய்தி நமக்குக் கற்பிக்கின்றது. பிள்ளையை இப்படிப்புக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோரும் அவ்வாறே செய்வாராக.

முதலாவது, கடன். 20 லட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்குப் பத்தாண்டுத் தவணையில் பெற்றால், மாதம் 26,400 ரூபாய்க்குச் சற்று மிகுதியாகக் கட்டவேண்டும். முடிவில் கட்டிய மொத்தத் தொகை ஏறத்தாழ 31 லட்சத்து 70 ஆயிரமாக இருக்கும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேராது. வீட்டை அடகு வைக்குமுன், தங்கையின் படிப்பையும் தந்தையின் ஓய்வுக் காலத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

இரண்டாவது, விளம்பரம். ‘எங்கள் மாணவரின் சராசரி ஊதியம் 19 லட்சம்’ என்று ஒரு கல்லூரி அறிவித்தால் உடனே மயங்கிவிடாதீர்கள். பத்து மாணவருள் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 10 லட்சமும் ஒருவருக்கு ஒரு கோடியும் கிடைத்தால், சராசரி 19 லட்சம்தான். ஆனால் உங்கள் பிள்ளை அந்த ஒன்பது பேருள் ஒருவனாய் இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆகவே வரிசையின் நடுவில் நிற்பவர் பெறும் ஊதியம் எவ்வளவு, வேலை கிடைக்காதவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். அறிவிக்கும் தொகை முழுவதும் மாதந்தோறும் கைக்கு வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்றாவது, அங்கீகாரம். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் எம்.பி.ஏ. பட்டம் தருகின்றன, தன்னாட்சி நிறுவனங்கள் முதுநிலைப் பட்டயம் தருகின்றன. பட்டயம் என்பதால் தாழ்ந்ததன்று. ஆனால் அந்நிறுவனம் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் பெற்றதா என்று பார்க்கவேண்டும்.

நான்காவது, அவசரம் வேண்டா. பட்டப்படிப்பு முடித்தவுடன் ஓடுவதைவிட ஈராண்டு வேலை பார்த்துவிட்டுச் செல்லும் பிள்ளை, வகுப்பில் பேசப்படுவதை அனுபவத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்கிறான். தன் கைப்பணத்தையும் ஓரளவு சேர்க்கிறான்.

ஐந்தாவது, மகளுக்கும் இதே நீதி. ‘அவளுக்கு எதற்கு இத்துணைப் படிப்பு? திருமணத்துக்குச் சேர்ப்போம்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றும் மறையவில்லை. வீட்டின் வரவு செலவைப் பல்லாண்டு பிசகின்றி நடத்திய தாய்மாரின் மகள்களுக்கு மேலாண்மை அந்நியமானதா?

பங்குகள் செய்யத்தக்கது

பங்கு மக்களும் இதில் பார்வையாளராய் இருந்துவிட வேண்டியதில்லை. மேலாண்மைத் துறையில் பணியாற்றும் நம் பங்கு இளைஞரை ஓராண்டில் ஒரு ஞாயிறேனும் அழைத்து, பள்ளியிறுதி மாணவரிடம் பேசச் செய்யலாம். தமிழ் வழியில் பயின்று ஆங்கிலத்துக்கு அஞ்சி ஒதுங்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் பேச்சுப் பயிற்சி அளிக்கலாம். திருவிழாக் கணக்கையும் வின்சென்ட் தே பவுல் சபையின் கணக்கையும் எழுதும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கலாம். ஊரார் காணிக்கையின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்லப் பழகியவன், பின்னாளில் பெரிய நிறுவனத்தில் கையெழுத்திடும்போது கை தடுமாறமாட்டான். வசதி படைத்த குடும்பங்கள் ஆண்டுக்கு ஓர் ஏழை மாணவனின் நுழைவுத் தேர்வுச் செலவையேனும் ஏற்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரே, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நீங்கள் முதல் தேதியன்று கூலி கொடுக்கிறீர்களா, காய்கறிக்காரரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டே வளர்கிறான். தொழிலுறவு என்னும் பாடத்தின் முதல் வகுப்பு உங்கள் வீட்டு வாசலிலேயே நடைபெறுகின்றது. ஜாம்ஷெட்பூர் பேராசிரியர்கள் ஈராண்டில் கற்பிக்க முயல்வதை, நீங்கள் இருபதாண்டாகக் கற்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பாடம் நன்றாய் அமைந்த பிள்ளையை எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் அச்சமின்றி அனுப்பலாம். புனித சவேரியார் நம் இளைஞர்க்காகப் பரிந்து பேசுவாராக.